இரண்டு நிமிடத் தன்வரலாறு: எண்ணிமக் கதைசொல்லல் பயிற்சியின் தோற்றமும் வளர்ச்சியும்

ஆய்வுச் சுருக்கம்

தன் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைத் தன் குரலிலேயே சொல்லி, தன்னிடமுள்ள ஒளிப்படங்களை அதனுடன் இணைத்து, இரண்டு மூன்று நிமிடக் காணொளியாக ஆக்கும் பயிற்சி 1993இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உருவாயிற்று. ‘எண்ணிமக் கதைசொல்லல்’ எனப் பெயர்பெற்ற இப்பயிற்சி பெரும்பாலும் கணினித் தொழில்நுட்பத்தின் விளைவாகவே விளக்கப்படுகிறது. ஆவணப்படம், நாடக மேடை, ஒளிப்படக் கலை ஆகியவற்றில் ஏற்கெனவே பழகியிருந்த கேட்கும் முறையும் சுருக்கும் முறையுமே அதன் அடித்தளம் என்பதையும், அவ்வடித்தளம் இல்லாத இடங்களில் நேர்ந்த இழப்புகளையும் இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்

எண்ணிமக் கதைசொல்லல், தன்வரலாறு, கதை வட்டம், வலைப்பக்க வடிவமைப்பு, பங்கேற்பு ஊடகம், வேல்ஸ்.

முன்னுரை

‘டிஜிட்டல் ஸ்டோரிடெல்லிங்’ என்னும் தொடர் இன்று விளம்பர நிறுவனங்கள் முதல் கல்லூரிப் பாடத்திட்டங்கள் வரை தாராளமாகப் புழங்குகிறது. கணினியின் துணையால் எதைச் சொன்னாலும் அதற்கு இப்பெயர் இடப்படுவதால் சொல் தன் கூர்மையை இழந்துவிட்டது. இக்கட்டுரையில் அத்தொடர் அதன் முதற்பொருளிலேயே ஆளப்படுகிறது. ஊடகத் தொழிலுடன் தொடர்பில்லாத ஒருவர் சில நாள் பயிற்சியின் முடிவில் தாமே எழுதி, தாமே பேசி, தாமே தொகுத்து முடிக்கும் குறுங்காணொளி என்பதே அப்பொருள். ‘கதை’ என்னும் சொல்லுக்குத் தமிழில் புனைந்துரைத்தல் என்னும் சாயல் உண்டு; ‘கதை விடுகிறான்’ என்பது உலக வழக்கு. இங்குக் கதை என்பது நடந்தது நடந்தவாறு ஒருவர் நினைவில் நின்ற வாழ்வுப் பகுதியையே சுட்டும்.

இப்பயிற்சியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கணினியிலிருந்தே தொடங்குகின்றனர். 1991ஆம் ஆண்டின் இறுதியில் ஆப்பிள் நிறுவனத்தின் குயிக்டைம், அடோபி நிறுவனத்தின் பிரீமியர் ஆகிய மென்பொருள்கள் வெளிவந்தன. வீட்டு மேசைமீதிருக்கும் கணினியில் அசையும் படத்தைத் தொகுக்க அவை வழி திறந்தன என்பது உண்மையே. ஆயினும், அதே மென்பொருள்கள் பல்லாயிரவர் கையில் இருந்தபோது ஒரு சிலர் மட்டும் ஏன் அவற்றைத் தன்வரலாறு சொல்லும் கருவியாகக் கண்டனர் என்னும் வினாவிற்கு மென்பொருளின் வரலாறு விடை தருவதில்லை. விடையைக் கணினிக்கு முந்தைய காலத்தில் தேட வேண்டியுள்ளது.

அசையாப் படமும் அருகிருக்கும் குரலும்

கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1957இல் ‘சிட்டி ஆஃப் கோல்ட்’ என்னும் குறும்படத்தை வெளியிட்டது. காலின் லோ, வுல்ஃப் கோனிக் ஆகிய இருவரும் அதனை இயக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தங்கம் தேடி மக்கள் திரண்ட டாசன் நகரின் பழைய ஒளிப்படங்களே அப்படத்தின் பெரும்பகுதி. படப்பிடிப்புக் கருவி அப்படங்களின்மேல் மெல்ல நகர்ந்து, ஒரு முகத்தை அணுகி, பின் கூட்டம் முழுவதையும் காட்டி விலகும். பின்னணியில் ஒலிப்பது அந்நகரில் வளர்ந்த எழுத்தாளர் பியர் பெர்டனின் குரல். தான் சிறுவனாகத் திரிந்த தெருக்களை அவரே விவரிக்கிறார். அசையாப் படமும் அவ்விடத்திற்கு உரியவரின் குரலும் சேர்ந்தால் திரைப்படம் ஆகும் என்பதை இப்படம் நிறுவியது. பிற்காலத்தில் கென் பர்ன்ஸ் தம் ஆவணப்படங்களில் கையாண்டு புகழ்பெறச் செய்த உத்திக்கும் இதுவே முன்னோடி.

அதே காலின் லோ பத்தாண்டுகளுக்குப் பின், 1967இல், நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பாலுள்ள ஃபோகோ தீவிற்குச் சென்றார். அங்கிருந்த மீனவக் குடும்பங்களைத் தீவிலிருந்து இடம்பெயர்க்கும் பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. ‘மாற்றத்திற்கான அறைகூவல்’ என்னும் பொருள்படும் பெயருடன் வாரியம் தொடங்கிய திட்டத்தின் பகுதியாக, நியூஃபவுண்ட்லாந்து நினைவுப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறையுடன் இணைந்து, தீவு மக்கள் பேசும் இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்கள் எடுக்கப்பட்டன. எடுத்த படங்கள் முதலில் அத்தீவு மக்களுக்கே காட்டப்பட்டன. தம் பேச்சில் எது வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று சொல்லும் வாய்ப்பு பேசியவர்களுக்கு இருந்தது. ஊர் ஊராகப் பிரிந்திருந்த மீனவர்கள் ஒருவர் துன்பத்தை மற்றவர் திரையில் கண்டனர், அதிகாரிகளும் கண்டனர். தீவு கைவிடப்படவில்லை, மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றும் உருவாயிற்று.

படம் பிடிக்கப்படுபவருக்குத் தம் படத்தின்மேல் உரிமை உண்டு என்னும் கருத்து இங்கு நடைமுறையாயிற்று. ஆனால் கருவி இன்னும் இயக்குநர் கையிலேயே இருந்தது. 1984இல் அகமதாபாத்தில் சேவா அமைப்பைச் சார்ந்த பெண்கள், அவர்களுள் எழுதப் படிக்க அறியாதோரும் இருந்தனர், காணொளிக் கருவியைத் தாமே கையாளக் கற்றபோது அந்த எல்லையும் கடக்கப்பட்டது. எனினும் ஃபோகோவிலும் அகமதாபாத்திலும் பேசியது கூட்டத்தின் குரல். கோரிக்கையை முன்வைக்கும் குரல். தந்தையின் மரணம், தொலைந்த வீடு, பேசாமல் விட்ட ஒரு சொல் ஆகியவற்றுக்கு அதில் இடம் குறைவு.

அந்த இடத்தை நிரப்பிய முதற்படைப்புகளுள் ஒன்று மெக்சிகோவின் ஒளிப்படக் கலைஞர் பெட்ரோ மேயர் உருவாக்கிய குறுவட்டு. ‘நினைவில் கொள்வதற்காகப் படம் பிடிக்கிறேன்’ என்னும் பொருளுடைய தலைப்பில் வாயேஜர் நிறுவனம் 1991இல் அதனை வெளியிட்டது. புற்றுநோயுற்ற தம் தாய் தந்தையரின் இறுதிக் காலத்தை மேயர் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்திருந்தார். கணினித் திரையில் அப்படங்கள் ஒவ்வொன்றாக வர, அவர் தம் குரலில் தணிந்து பேசுகிறார். குறுவட்டு என்றால் கலைக்களஞ்சியமும் விளையாட்டும் என்றிருந்த காலத்தில், கணினி முன் அமர்ந்து ஒருவர் கண்ணீர் விடக்கூடும் என்பதை இப்படைப்பு காட்டிற்று.

மேடையிலிருந்து கணினிக்கு

சான்ஃபிரான்சிஸ்கோவின் ஃபோர்ட் மேசன் பகுதியில் ‘லைஃப் ஆன் தி வாட்டர்’ என்னும் சிறு அரங்கு 1980களின் பிற்பகுதியில் இயங்கி வந்தது. தனியொருவர் மேடையேறித் தம் வாழ்வைப் பேசும் ஆற்றுகை அக்காலத்தில் அந்நகரில் செல்வாக்குப் பெற்றிருந்தது. அவ்வரங்கை நடத்தியவர்களுள் ஒருவர் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து வந்த ஜோ லாம்பர்ட். 1990களின் தொடக்கத்தில் அவ்வரங்குடன் தொடர்பு கொண்டவர் டானா அட்ச்லி என்னும் கலைஞர். வரைகலை பயின்ற அட்ச்லி, 1970களில் ஊர்தியொன்றில் அமெரிக்காவெங்கும் அலைந்து, சாலையோரக் காட்சிகளையும் மனிதர்களையும் பதிவு செய்து, அவற்றைக் காட்டிக் கதை சொல்லி வந்தவர். குடும்பத்தின் பழைய திரைச்சுருள்கள், ஒளிப்படங்கள், பயணப் பதிவுகள் ஆகியவற்றைக் கணினியில் சேர்த்து ‘நெக்ஸ்ட் எக்சிட்’ என்னும் தனி ஆற்றுகையை அவர் உருவாக்கினார். மேடையில் அவர் மரக்கட்டையொன்றின்மேல் அமர்ந்திருப்பார். அருகே ஒரு திரையில் நெருப்பு எரியும். அது காணொளி நெருப்பு. பின்னால் பெரிய திரையில் படங்கள் விரியும். எந்தக் கதையை அடுத்துச் சொல்வது என்பதை அவையைப் பார்த்து அவரே தெரிவு செய்வார்.

காணொளி நெருப்பு ஒரு வேடிக்கை போலத் தோன்றலாம். ஆனால் நெருப்பைச் சுற்றி அமர்ந்து கதை கேட்கும் பழைய பழக்கத்தைக் கணினியுடன் இணைக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் வெளிப்படையாகவே உள்ளது. கேட்பவரின்றிக் கதை இல்லை என்று அறிந்த மேடைக்காரரின் எண்ணம் அது.

ஆற்றுகையைக் கண்டவர்கள் அட்ச்லியிடம் வந்து தம் வீட்டிலும் இத்தகைய படங்கள் பெட்டிகளில் கிடக்கின்றன என்று கூறத் தொடங்கினர். இதன் தொடர்ச்சியாக 1993இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள அமெரிக்கத் திரைப்பட நிறுவனத்தில் அட்ச்லி, லாம்பர்ட், நினா முல்லன் ஆகியோர் முதற்பயிற்சிகளை நடத்தினர். கணினி அனுபவம் குறைந்தவர்களும் சில நாள்களில் தம் வாழ்விலிருந்து ஒரு சிறு படைப்பை முடித்துச் சென்றனர். எய்ட்ஸ் நோயால் இறந்துகொண்டிருந்த ஓர் இளந்தாயைப் பற்றி அவருடைய தோழி உருவாக்கிய படைப்பு அவற்றுள் ஒன்று. அதன் தாக்கம் அமைப்பாளர்களை நெடுங்காலம் விட்டகலவில்லை என்பது லாம்பர்ட் பின்னர் எழுதியவற்றிலிருந்து தெரிகிறது.

1994இல் சான்ஃபிரான்சிஸ்கோ எண்ணிம ஊடக மையம் நிறுவப்பட்டது. 1998இல் அது பெர்க்லி நகருக்கு இடம்பெயர்ந்து ‘எண்ணிமக் கதைசொல்லல் மையம்’ என்னும் பெயரைப் பெற்றது. இதற்கிடையே 1995 முதல் கொலராடோ மாநிலத்தின் கிரெஸ்டட் பியூட் என்னும் மலையூரில் அட்ச்லி இக்கலைக்கென ஒரு விழாவை நடத்தத் தொடங்கினார். அவர் பெருநிறுவனங்களுக்கும் ஆலோசனை வழங்கினார். கோகோ கோலா அவற்றுள் ஒன்று. இக்கலை விளம்பரத்திற்குப் போன வழியை ஆராய்வோர் இதனையும் கருத்திற்கொள்ள வேண்டும். தன்வரலாற்றுக் கதையும் வணிகக் கதையும் ஒரே வீட்டில் பிறந்தவை. அட்ச்லி 2000ஆம் ஆண்டு டிசம்பரில் காலமானார்.

வட்டத்தில் கற்றது

மையத்தின் பயிற்சி பெரும்பாலும் மூன்று நாள். அதன் முதற்பகுதியில் கணினிக்கு இடமில்லை. பங்கேற்போர் வட்டமாக அமர்வர். ஒவ்வொருவரும் தாம் சொல்ல எண்ணியிருப்பதைச் சொல்வர், அல்லது எழுதி வந்ததைப் படிப்பர். ஒருவர் பேசும்போது பிறர் இடைமறிப்பதில்லை. பேசி முடித்தபின் கேட்டவர்கள் தமக்கு எது பதிந்தது, எங்கே விளங்கவில்லை என்று கூறுவர். ‘கதை வட்டம்’ எனப்படும் இப்பகுதியே பயிற்சியின் உயிர்.

வட்டத்தில் நிகழ்வதை ஒரு பொதுவான எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவர் தம் பாட்டியைப் பற்றிச் சொல்ல வருகிறார். பாட்டி பிறந்த ஊர், திருமணம், பிள்ளைகள், உழைப்பு, இறப்பு என அவர் உரை நான்கு பக்கம் ஓடுகிறது. கேட்டவர்களுக்கு அவற்றுள் எதுவும் நிற்கவில்லை. பாட்டி சாவிக்கொத்தை எங்கே ஒளித்து வைப்பார் என்று அவர் போகிற போக்கில் சொன்ன ஒரு வரி மட்டும் நிற்கிறது. ‘அந்தச் சாவி இப்போது எங்கே?’ என்று ஒருவர் கேட்கிறார். பேசியவர் சற்று நேரம் பேசாமலிருக்கிறார். சொல்ல வேண்டிய கதை அந்த மௌனத்தில் இருந்திருக்கிறது. ‘பாட்டியின் வாழ்க்கை’ என்னும் தலைப்பு விலகி, சாவியைத் தான் வாங்கிக்கொள்ளாமல் விட்ட நாள் கதையாகிறது. சொல்பவர் தாமே கதைக்குள் வந்துவிடுகிறார்.

லாம்பர்ட்டும் அவருடைய குழுவினரும் 1990களில் இவ்வனுபவங்களைத் தொகுத்து ஒரு கையேடாக்கினர். அதற்குச் ‘சமையல் நூல்’ என்றே பெயரிட்டனர். 2002இல் லாம்பர்ட்டின் நூல் வெளிவந்தது. நோக்குநிலை, கேட்பவரைப் பிடித்து நிறுத்தும் வினா, உணர்ச்சி உள்ளடக்கம், சொந்தக் குரல், பின்னணி ஒலி, சிக்கனம், நடைவேகம் என ஏழு கூறுகளை அது பேசியது. பள்ளி ஆசிரியர்கள் இவ்வேழையும் மதிப்பெண் அட்டவணையாக மாற்றிக்கொண்டனர். நூலின் பிற்பதிப்புகளில் லாம்பர்ட் இக்கூறுகளை ஏழு படிநிலைகளாக மாற்றி எழுதியது இங்குக் கவனிக்கத்தக்கது. முதற்பட்டியல் முடிந்த படைப்பின் இலக்கணத்தைச் சொல்கிறது. பிற்பட்டியலோ, தன் உணர்வை இனங்காணல், அந்தக் கணத்தைக் கண்டடைதல், காணுதல், கேட்டல், ஒன்றுசேர்த்தல், பகிர்தல் முதலியவற்றின் வாயிலாகச் சொல்பவர் கடக்கும் வழியைச் சொல்கிறது. வட்டத்தில் கற்பிக்கப்பட்டது வழியே. அதை இலக்கணமாக எழுதியதில் நேர்ந்த பிழையை எழுதியவரே திருத்தினார் எனலாம்.

சிக்கனம் என்னும் கூறு தனியே நோக்கத்தக்கது. எழுத்துரை ஏறத்தாழ 250 சொற்கள். படைப்பு இரண்டு அல்லது மூன்று நிமிடம். பெரும்பாலும் அசையாப் படங்கள். இவ்வரம்புகள் முதலில் கருவியின் இயலாமையால் வந்தவை. தொடக்கக் காலக் குயிக்டைம் காணொளி 160க்கு 120 படப்புள்ளி அளவிலான தபால்தலை போன்ற சிறு செவ்வகத்திலேயே ஓடியது. நினைவகம் விலை மிகுந்தது. அசையும் படம் சில நொடிகளிலேயே வட்டை நிரப்பிவிடும். அசையாப் படமோ அவ்வாறன்று. பின்னர்க் கருவி வளர்ந்தது, வட்டு பெருகியது. ஆயினும் வரம்பு நீக்கப்படவில்லை. நான்கு பக்க உரையை ஒரு பக்கமாகக் குறைக்கும்போதுதான் எழுதுபவர் தமக்கு எது இன்றியமையாதது என்று முடிவு செய்கிறார் என்பதைப் பயிற்றுநர்கள் அதற்குள் கண்டுகொண்டிருந்தனர்.

குரலைப் பதிவு செய்யும் நேரமும் பயிற்சியில் முக்கியமானது. எழுதியதைப் படிக்கும் குரலுக்கும் ஒருவரிடம் சொல்லும் குரலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரும்பாலோர் ஒலிவாங்கியின் முன்தான் முதன்முதலில் உணர்கின்றனர்.

வலைப்பக்கம் என்னும் திண்ணை

காணொளி வளர்ந்த அதே ஆண்டுகளில் வலைப்பக்கமும் தன்வரலாற்றுக்கு இடமாயிற்று. இவ்விரண்டும் ஒரே வட்டாரத்தில், ஒரே மனிதர்களிடையே பிறந்தவை என்பது பின்னாளில் மறக்கப்பட்டது. ஆபி டான் என்னும் கலைஞர் 1989இல் ‘வி மேக் மெமரீஸ்’ என்னும் ஊடாடும் படைப்பை உருவாக்கினார். ஆப்பிள் நிறுவனத்தின் ஹைபர்கார்டு மென்பொருளும் காணொளி வட்டும் அதன் கருவிகள். கொள்ளுப்பாட்டி, பாட்டி, தாய், தாம் என நான்கு தலைமுறைப் பெண்களின் நினைவுகள் அதில் உள்ளன. பார்ப்பவர் ஒரு தலைமுறையின் பேச்சிலிருந்து மற்றொன்றிற்குத் தாமே தாவலாம். அதே நிகழ்ச்சியைத் தாய் ஒருவாறும் பாட்டி வேறொருவாறும் சொல்வதை ஒப்பிடலாம். 1990களின் நடுவில் அவர் ‘பாட்டியின் பின்திண்ணை’ என்று தமிழில் சொல்லத்தக்க பெயருடன் ஒரு வலைத்தளத்தை அமைத்தார். வருபவர்கள் தம் பாட்டிமார் கதைகளை அதில் சேர்த்தனர். பெண்கள் கூடிப் பஞ்சணைத் துணி தைக்கும் அமெரிக்க வழக்கத்தை ஒட்டி, கூடியிருந்து கதை உருவாக்கும் பயிற்சிகளையும் அவர் நடத்தினார்.

1996இல் டெரெக் பவாசெக் தொடங்கிய ‘ஃபிரே’ என்னும் தளம் வடிவமைப்பையே கதைசொல்லும் முறையாக்கியது. ஒவ்வொரு கதைக்கும் தனி வடிவம். ஒரு கதை பல பக்கங்களாகப் பிரிந்திருக்கும். அடுத்த பக்கத்திற்குச் செல்லச் சொடுக்கும் அந்தக் கணம் பேச்சில் மூச்சு வாங்கும் இடம்போல் பயன்பட்டது. கதையின் இறுதியில் படிப்பவரை நோக்கி ஒரு வினா நிற்கும். அவர் தம் கதையை விடையாக எழுதலாம்.

அக்காலத்தில் வலைப்பக்கம் செய்யக் கற்றது பெரும்பாலும் பார்த்துச் செய்தே. எந்தப் பக்கத்தின் மூல நிரலையும் உலாவியில் திறந்து பார்க்கலாம். பிடித்த பகுதியை நகலெடுத்துச் சொற்களை மாற்றிப் பழகலாம். ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவராயிருந்த ஜஸ்டின் ஹால் 1994 ஜனவரியில் தம் பக்கத்தைத் தொடங்கி, தந்தையின் தற்கொலை உட்பட வாழ்வின் பெரும்பகுதியை அதில் எழுதினார். 1996இல் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்து, வழியிலுள்ளோருக்கு வலைப்பக்கம் அமைக்கக் கற்றுத் தந்தார். டக் பிளாக் இயக்கிய ‘ஹோம் பேஜ்’ என்னும் ஆவணப்படம் அந்தக் காலத்தைப் பதிவு செய்துள்ளது.

வட்டத்தில் கற்றோருக்கும் இவ்வாறு தனியே கற்றோருக்கும் இடையே ஒரு வேறுபாடு இருந்தது. வலைப்பக்கத்தில் கேட்பவர் வெளியிட்ட பின்னரே வருகிறார். ‘இதைச் சொல்ல வேண்டுமா?’ என்று முன்கூட்டியே கேட்க எவருமில்லை. ஹாலின் வாழ்வில் வந்துசென்றவர்கள் எல்லோரும் எழுதப்பட விரும்பியவர்கள் அல்லர். 2005 ஜனவரியில் அவர் உணர்ச்சி மேலிட்ட ஒரு காணொளியை வெளியிட்டு, பல்லாண்டு நாள்தோறும் செய்துவந்த வெளிப்பாட்டை நிறுத்திக்கொண்டார். வெளிப்படையாக எழுதுவதற்கும் நெருங்கியவர்களோடு வாழ்வதற்கும் இடையிலான முரண் அவரை அங்குக் கொண்டு சேர்த்திருந்தது. இந்நிகழ்ச்சியை ஒரு தனி மனிதரின் குறைபாடாகக் கொள்வதைவிட, கேட்பவர் அமராத திண்ணையின் விளைவாகக் கொள்வது பொருந்தும்.

வடிவமைப்பு என்னும் கலையும் விரைவில் கைநழுவியது. 1999இல் பிளாகர் போன்ற சேவைகளும் 2005இல் யூடியூபும் வந்தபின், பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சேவை வழங்கும் நிறுவனமே முடிவு செய்தது. எழுதுபவருக்கு எஞ்சியது நிரப்ப வேண்டிய ஒரு கட்டம். எழுதுவோர் தொகை இதனால் பன்மடங்கு பெருகியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் கதைக்கேற்ற வீட்டைத் தானே கட்டும் பயிற்சி அத்துடன் முடிந்தது.

வேல்ஸ்: ஒலிபரப்பு நிறுவனத்தின் வாசலில்

பிரித்தானிய ஒளிப்படக் கலைஞர் டேனியல் மெடோஸ் 1973இல், தம் இருபத்தோராம் வயதில், பழைய இரட்டை அடுக்குப் பேருந்து ஒன்றை வாங்கி அதையே வீடாகவும் இருட்டறையாகவும் ஆக்கிக்கொண்டார். பதினான்கு மாதம் இங்கிலாந்தின் ஊர்களுக்கு ஓட்டிச் சென்று, வந்தவர்களை எல்லாம் படம் எடுத்து, படியை இலவசமாகக் கொடுத்தார். படம் பிடிக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் முகங்களாக மட்டுமே எஞ்சினர்.  இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அவர் கலிஃபோர்னியப் பயிற்சியைக் கண்டபோது, அதில் தாம் தவறவிட்டதைக் கண்டார் எனக் கருத இடமுண்டு.

மெடோஸ் அப்போது கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் கற்பித்து வந்தார். பல்கலைக்கழகமும் பி.பி.சி. வேல்ஸும் இணைந்து 2001இல் ‘கேப்ச்சர் வேல்ஸ்’ திட்டத்தைத் தொடங்கின. வேல்ஸ் மொழியில் அதற்குக் ‘கிபோல்க் ஆர் கும்ரி’ என்று பெயர். மாதம் ஒரு பயிற்சி, ஏறத்தாழ பத்துப் பேர், ஐந்து நாள். மடிக்கணினிகளும் வருடிகளும் பெட்டிகளில் ஊர் ஊராகச் சென்றன. நிலக்கரிச் சுரங்கப் பள்ளத்தாக்குகளிலும் கடலோரச் சிற்றூர்களிலும் மன்றக் கூடங்களே பயிற்சியறைகள் ஆயின. பங்கேற்றோர் ஆங்கிலத்திலோ வேல்ஸ் மொழியிலோ சொல்லலாம். சிறுபான்மை மொழியொன்று பெரும் ஒலிபரப்பு நிறுவனத்தில் செய்தி வாசிக்கும் மொழியாக மட்டுமன்றி வீட்டுப் பேச்சாகவும் இடம்பெற்றது இத்திட்டத்தின் குறிப்பிடத்தக்க பயன். 2002இல் வேல்ஸ் பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது. 2008இல் திட்டம் முடிவுற்றபோது பல நூறு கதைகள் சேர்ந்திருந்தன.

மெடோஸ் வரம்புகளில் உறுதியாக இருந்தார். இக்குறும்படைப்புகளை அவர் சானெட் என்னும் பதினான்கு அடிப் பாவகையுடன் ஒப்பிட்டார். தமிழ் மரபில் வைத்துக் கூறின் வெண்பாவை நினைக்கலாம். தளை தட்டாமல் எழுத முயலும்போதுதான் வேண்டாத சொல் உதிர்கிறது.

எவருடைய கதை?

ஒலிபரப்பு நிறுவனம் புகுந்தவுடன் கதையின்மேல் மூன்றாவது கை விழுகிறது. சொல்பவருக்குத் தம் அனுபவம் முதன்மை. பயிற்றுநருக்கு அது நன்றாக முடிய வேண்டும். நிறுவனத்திற்கு அது ஒலிபரப்பத் தக்கதாக, தன் பெயருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நான்சி துமிம் 2012இல் வெளியிட்ட நூலில் கேப்ச்சர் வேல்ஸை ஆராய்ந்து, ‘சாதாரண மக்கள்’ என்னும் வகைப்பாடே நிறுவனம் வரையும் கோடு என்னும் சிக்கலை எடுத்துக்காட்டினார். ஜீன் பர்ஜஸ் 2006இல் எழுதிய கட்டுரை மறுபக்கத்தை வலியுறுத்தியது. கல்வியாளர்கள் எளிதில் உணர்ச்சிவயம் என்று ஒதுக்கும் இப்படைப்புகளின் நேர்மையும் வெதுவெதுப்பும் மக்கள் தமக்குள் ஏற்கெனவே வளர்த்துள்ள அன்றாடப் படைப்பாற்றலின் வெளிப்பாடு என்பது அவர் கருத்து. இருவர் கூற்றும் ஏற்கத்தக்கவையே. ஆயினும் வட்டத்தில் ‘சாவி எங்கே?’ என்று கேட்டவரின் வினாவும் ஒரு தலையீடுதான் என்பதை நினைவிற்கொண்டால், தலையீடற்ற தூய குரல் என்று ஒன்றைத் தேடுவது பயனற்றது. தலையிட்டவர் யார், அவருக்கு அக்கதையால் என்ன ஆதாயம், மறுக்கும் உரிமை எவரிடம் இருந்தது என்பனவே கேட்க வேண்டியவை.

வன்முறைக்கு ஆளானோரின் கதைகளில் இவ்வினாக்கள் மேலும் கூர்மை பெறுகின்றன. எமி ஹில் 1999இல் தொடங்கிய ‘சைலன்ஸ் ஸ்பீக்ஸ்’ திட்டம் பின்னர்ப் பெர்க்லி மையத்துடன் இணைந்து தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளில் பயிற்சிகள் நடத்தியது. முகத்தைக் காட்டாமலிருத்தல், பெயரை மாற்றுதல், முடித்த படைப்பை வெளியிடாமலே வைத்துக்கொள்ளுதல் ஆகியன இத்தகைய பயிற்சிகளில் சொல்பவரின் தெரிவுகளாக ஏற்கப்பட்டன. கதை சொல்பவரின் உரிமைகள் என ஒரு பட்டியலையும் மையம் வகுத்தது. வெளியிடாத உரிமையை ஒரு கதைசொல்லல் பயிற்சி கற்பிப்பது முரணாகத் தோன்றினும், ஃபோகோ மீனவர்கள் தம் பேச்சைத் தாமே முதலில் பார்த்ததிலிருந்து வரும் மரபு அது. கதையில் இடம்பெறும் பிறர், அதாவது வட்டத்தில் அமராத கணவர், மகள், இறந்துபோன தாய், அவர்களுடைய ஒப்புதல் பற்றி இப்பட்டியல்களும் முழுமையான விடை தரவில்லை.

எஞ்சியவை

2009இல் ஜான் ஹார்ட்லியும் கெல்லி மெக்வில்லியமும் பதிப்பித்த ‘ஸ்டோரி சர்க்கிள்’ தொகுப்பு, மெல்பர்னின் ஆஸ்திரேலிய அசைபட மையம் உட்பட உலகெங்கும் இப்பயிற்சி பரவியதைப் பதிவு செய்தது. ஒவ்வொரு கதைக்கும் பயிற்றுநரின் பல நாள் உழைப்பு தேவைப்படுவதால் இம்முறை பெருந்தொகையினரைச் சென்றடைவது கடினம் என்பது அக்காலத்திலேயே உணரப்பட்டது. யூடியூபில் ஒரு மணி நேரத்தில் ஏறும் காணொளிகளின் அளவோடு ஒப்பிட்டால் வேல்ஸின் ஏழாண்டு உழைப்பு கடலில் கரைத்த பெருங்காயமே. பெர்க்லி மையம் 2015இல் ‘ஸ்டோரி சென்டர்’ எனப் பெயர் மாற்றிக்கொண்டு, பெயரிலிருந்து ‘எண்ணிம’ என்னும் அடைமொழியை நீக்கிவிட்டது.

படைப்புகளின் நிலை வேறு. 1990களின் குறுவட்டுகளை இன்றைய கணினிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. தனிமனிதர் வலைப்பக்கங்களின் பெருங்குடியிருப்பாக இருந்த ஜியோசிட்டீஸை யாஹூ நிறுவனம் 2009 அக்டோபரில் மூடியது. தன்னார்வலர்கள் கடைசி நேரத்தில் நகலெடுத்த பகுதிகளே மிஞ்சின. ஃபிளாஷ் மென்பொருளில் செய்த பக்கங்கள் 2020ஆம் ஆண்டின் இறுதியோடு உலாவிகளில் நின்றுபோயின. பேருந்தில் எடுத்த படங்கள் உள்ளிட்ட மெடோஸின் ஆவணங்களை ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம் 2018இல் பெற்றுக்கொண்டது. 1973இன் படச்சுருளை வெளிச்சத்தில் பிடித்தால் இன்றும் முகம் தெரிகிறது. பயிற்சியின் இறுதி நாளில் தம் படைப்பின் படியை வீட்டிற்கு எடுத்துச் சென்றவர்களிடம் இப்போது இருப்பது, வட்டு திறக்காவிட்டாலும், கையால் அடித்துத் திருத்திய அந்த ஒரு பக்கத் தாள்.